அறிவியல் புனைகதையின் எல்லை: கருப்பொருளா, உரிப்பொருளா?

தமிழ் ஆய்வுலகில் அறிவியல் புனைகதையை வரையறுக்க முற்படும் கட்டுரைகள் பலவும் ஒரு பட்டியலோடு தொடங்குகின்றன. விண்கலம், இயந்திர மனிதன், காலப்பயணம், வேற்றுக்கோள் உயிரி, படியாக்கம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இடம்பெற்றால் அப்படைப்பு அறிவியல் புனைகதை எனக் கொள்ளப்படுகிறது. ஆய்வேடுகளின் இயல் பகுப்பும் இப்பட்டியலைத் தழுவியே அமைந்துவிடுகிறது. எண்ணுவதற்கு இம்முறை எளிது என்பதில் ஐயமில்லை. ஆயின், இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் ஆய்வாளருக்குச் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி முதல் விமானமாகவும், பெருங்கதையின் யானைப்பொறி முதல் இயந்திர விலங்காகவும் தோன்றிவிடுகின்றன. எதனையும் உள்ளே விடும் வாயிலை எல்லை என்று அழைப்பதில் பயனில்லை.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சுஜாதா எழுதிய காலத்தில் ‘விஞ்ஞானக் கதை’ என்பதே பெருவழக்கு. கல்விப்புலம் ‘அறிவியல் புனைகதை’ என்பதை ஏற்றது. அண்மைக்கால எழுத்தாளர்கள் ‘அறிபுனை’ என்று சுருக்கினர். முதற்பெயரில் விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் கதையும் விஞ்ஞானத்தைக் கொண்டு கற்பிக்கப்படும் கதையும் ஒன்றாகவே அடங்கின. இரண்டாம் பெயர் ‘புனை’ என்னும் வினையைச் சேர்த்ததன்வழி ஓரளவு தெளிவு தந்தது. ஆயினும் கனவுருப்புனைவுக்கென நடத்தப்பட்ட ‘அரூ’ இதழே அறிவியல் சிறுகதைப் போட்டியை நடத்தியமை, எழுதுவோரும் வாசிப்போரும் இவ்விரு வகைமைகளையும் அண்டை வீடுகளாக அன்றி ஒரே வீட்டின் இரு அறைகளாகவே கருதுகின்றனர் என்பதைக் காட்டும்.

மேலைத் திறனாய்விலும் இச்சிக்கல் தீர்ந்ததாகக் கூற இயலாது. 1926ஆம் ஆண்டு ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கிய ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பேக் அறிவியல் உண்மையும் எதிர்காலம் உரைத்தலும் கலந்த கதையை வேண்டினார். டேமன் நைட் வரையறையைக் கைவிட்டு, எதனைச் சுட்டி இப்பெயரால் அழைக்கிறோமோ அதுவே இவ்வகைமை என்னும் கருத்தில் அமைதி கண்டார். டார்கோ சுவின் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வாசகரை அவரது உலகிலிருந்து அந்நியப்படுத்தும் புதுப்பொருள் ஒன்றும், அதனை அறிவால் அணுக இடந்தரும் முறையும் சேர்ந்திருப்பதே இவ்வகைமை என்றார். இம்மூவருள் சுவினின் கருத்தே ஆழமானது. பொருளை விட்டு, பொருளை நோக்கும் முறைக்கு எல்லையை மாற்றியவர் அவர். தமிழாய்வுகள் அவர் பெயரை மேற்கோளாகக் காட்டிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே மீண்டும் பொருட்பட்டியலுக்குத் திரும்பிவிடுவது வியப்பளிக்கிறது.

இங்குத் தொல்காப்பியம் பயன்தரும். தொல்காப்பியர் அறிவியல் புனைகதையை முன்னறிந்தார் என்று கூறுவது நோக்கமன்று. அத்தகைய கூற்றுகளே இக்கட்டுரையின் பிற்பகுதியில் மறுக்கப்படுகின்றன. வகைமைகளின் கலப்பை எவ்வாறு சிந்திப்பது என்பதற்கான கருவி ஒன்று அங்குள்ளது என்பதே கருத்து. முதல், கரு, உரி என மூன்றாகப் பொருளைப் பகுக்கும் அகத்திணையியல், திணைகள் தம்முள் மயங்குதலை விலக்கவில்லை. உரிப்பொருள் அல்லாதன மயங்குதலும் உண்டு என்றே கூறுகிறது. மயக்கத்தின் அளவு குறித்து உரையாசிரியரிடையே வேறுபாடு உண்டெனினும், ஒரு பாடலின் திணையைத் துணிவதில் உரிப்பொருளே தலைமை பெறும் என்பது மரபு. நெய்தல் நிலத்துப் பறவை மருதத்துப் பாடலில் வந்து அமர்ந்தமையால் அப்பாடல் நெய்தலாகிவிடுவதில்லை.

விண்கலமும் இயந்திர நாயும் கருப்பொருள்கள். அவை எங்கும் சென்று மயங்கலாம். பேய்க்கதைக்குள் ஆய்வகம் வரலாம்; ஆய்வகக் கதைக்குள் வேதாளம் வரலாம். அவ்வாறாயின் அறிவியல் புனைகதையின் உரிப்பொருள் யாது? பழைய யாப்பிலேயே கூறின், வினவுதலும் வினவல் நிமித்தமும் எனலாம். இன்னும் விரித்துரைத்தால், நடப்புலகில் இல்லாத ஒன்றைக் கதை முன்வைக்க வேண்டும். ‘இது எவ்வாறு இயலும், இயன்றால் என்ன விளையும்’ என்னும் வினாவுக்கு அது கதைக்குள்ளேயே கடமைப்பட்டிருக்க வேண்டும். தரப்படும் விடை இன்றைய இயற்பியலுக்குப் பொருந்துமா என்பது இரண்டாவது கேள்வி. பொருந்தாத விடையைக் கொண்ட நல்ல அறிவியல் புனைகதைகள் பல உள்ளன. வினாவே எழாத இடத்தில்தான் வகைமை மாறுகிறது.

இவ்வளவுகோலை மயிற்பொறியின்மீது வைத்துப் பார்க்கலாம். சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பின்னாளில், 1924 முதல் 1927 வரை, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அக்கல்லூரியும் அடங்கிய கல்வி நிறுவனங்களின் தொகுதியே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே இக்காப்பியத்தைப் பற்றிய பிழையான கூற்று ஒன்று சிதம்பரத்துத் தமிழாய்வுக்கு அயலார் வீட்டுச் செய்தி அன்று.

நாமகள் இலம்பகத்தில் சச்சந்தன் தன் தேவி விசயையின் பொருட்டு மயில் வடிவப் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். திருத்தக்கதேவர் அதனை வெறும் அற்புதமாக விட்டுவிடவில்லை. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு எனப் பொருள்கள் கூறப்படுகின்றன. ஏழு நாட்களில் அது உருவாகிறது. பொறியை வலப்பக்கம் திருகினால் எழுந்து பறக்கும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால்குவித்து நிற்கும். விசயை அதனை இயக்கப் பழகுகிறாள். இவ்வளவு நுணுக்கத்தைக் காணும் வாசகர் இதனை அறிவியல் புனைவு என்று கருத விழைவது இயல்பே. பொருளும் இயங்குமுறையும் பயிற்சியும் கூறப்படும்போது வினா ஓரளவு எழுந்துவிடுகிறது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வினா அங்கேயே நின்றுவிடுகிறது. கட்டியங்காரனின் வெற்றி முரசொலி கேட்டு விசயை மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது, சீவகன் பிறக்கிறான். அதன்பின் பறக்கும் பொறியைக் கொண்ட உலகம் ஒன்று காப்பியத்தில் உருவாகவில்லை. கட்டியங்காரனின் படையில் ஒருவரும் அத்தகைய பொறியை நாடவில்லை. அதனைச் செய்த கம்மியனைத் தேடுவாரும் இலர். இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. நாயாக இறந்து தேவனாகிய சுதஞ்சணன் சீவகனுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறான். வேற்றுருக் கொள்ளுதலும் நஞ்சு நீக்குதலும் அவற்றால் இயல்கின்றன. பொறிக்கு அரக்கும் மெழுகும் வேண்டும், மந்திரத்திற்கு வேண்டா என்னும் வேறுபாடு காப்பியத்தில் எவருக்கும் உறுத்தலாக இல்லை. இரண்டும் ஒரே தளத்தில் அமைகின்றன. இரண்டையும் நடத்துவது வினை. வினைப்பயனே இங்கு உரிப்பொருள். மயில் கருப்பொருள். சிந்தாமணிக்கு இதனால் குறைவு எதுவுமில்லை. அதன் பெருமையை விமானத்தின் வால் பிடித்து உயர்த்த வேண்டிய தேவையும் இல்லை.

தற்காலத்திற்கு வந்தால் எல்லை இன்னும் மங்கலாகிறது. அதற்குக் கடலூரே போதிய சான்று. திருப்பாதிரிப்புலியூரில் 1906ஆம் ஆண்டு பிறந்த புதுமைப்பித்தன், மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைத் தமிழில் தந்தபோது அதற்கு இட்ட பெயர் ‘பிரேத மனிதன்’. 1818இல் வெளிவந்த அம்மூல நூலையே முதல் அறிவியல் புனைகதை என்று பிரையன் ஆல்டிஸ் 1973ஆம் ஆண்டு வாதிட்டார். ஆனால் 1940களின் தமிழ் வாசகர் இப்பெயரைக் கண்டு எதிர்பார்த்திருக்கக்கூடியது பேய்க்கதையே. ‘காஞ்சனை’ எழுதியவரின் கையிலிருந்து வந்தது என்பதும் அவ்வெதிர்பார்ப்பை வலுப்படுத்தியிருக்கும். தலைப்பு ஒன்றே நூலை ஓர் அலமாரியிலிருந்து மற்றோர் அலமாரிக்கு நகர்த்திவிட்டது.

நூலுக்குள் சென்றால் நிலைமை வேறு. விக்டர் இளமையில் அக்ரிப்பாவையும் பாராசெல்சஸையும் படித்து ரசவாத மயக்கத்தில் இருக்கிறான். பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயில்கிறான். மந்திர அறிவிலிருந்து ஆய்வக அறிவுக்குக் கடக்கும் எல்லைக்கோடு நாவலின் உள்ளேயே வரையப்பட்டுள்ளது. உயிர் கொடுக்கப்பட்ட உடல் அச்சத்தைத் தருவதோடு நின்றுவிடாமல், தன்னை ஆக்கியவனிடம் கணக்குக் கேட்கிறது. பிணம் கருப்பொருளாகவும் பொறுப்பு வினாவாகவும் அமையும் இப்படைப்பைப் பேய்க்கதையினின்று பிரிப்பது அக்கணக்கே. இதற்கு மாறாக, கடல்கொண்ட தொன்னகரைப் பொருளாகக் கொண்ட புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’ தன் அற்புதங்களுக்கு விடைகூறும் கடமையை ஏற்கவில்லை. அதனை அறிவியல் புனைகதை வரிசையில் சேர்ப்போர் கடலடி நகரம் என்னும் கருப்பொருளால் ஈர்க்கப்பட்டவர்களே. ஒரே ஆசிரியரின் இவ்விரு நூல்களில் பேய்ப்பெயர் தாங்கியது உள்ளேயும், வரலாற்றுப் பெயர் தாங்கியது வெளியேயும் நிற்கின்றன.

கடலூரைத் தம் கல்விப்பணிக்களமாகக் கொண்ட இரா. நடராசனின் படைப்புகள் இச்சோதனையை மறுபக்கத்திலிருந்து நடத்துகின்றன. ‘ஆயிஷா’ குறுநாவலில் வினாக்கள் நிறைந்துள்ளன. அறிவியல் கேள்விகளால் ஆசிரியர்களைச் சினமூட்டும் சிறுமி, அடியின் வலி தெரியாதிருக்க மரத்துப்போகச் செய்யும் வேதிப்பொருளைத் தன் உடலிலேயே செலுத்தி இறந்துபோகிறாள். இதனை அறிவியல் புனைகதை என்று வகைப்படுத்துவது பிழை. அங்கு நடப்புலகில் இல்லாத பொருள் எதுவும் இல்லை. இருக்கும் வகுப்பறையே உள்ளது. அது அறிவியல் ஆர்வத்தைப் பற்றிய நடப்பியல் கதை. அதன் துயரமும் அதனால் கூடுகிறது. 2014ஆம் ஆண்டு பால சாகித்திய புரஸ்கார் பெற்ற ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நேர்மாறானது. வேதாளமும் விக்கிரமாதித்தனும் அம்புலிமாமா காலத்திலிருந்தே தமிழ்ச் சிறுவர் அறிந்த கருப்பொருள்கள். அவ்வேதாளம் அறிவியல் வினாவை எழுப்பும்போது பழைய கூடு அப்படியே இருக்க, உள்ளே குடியிருப்பது மாறிவிடுகிறது. பட்டியல்முறை இந்நூலை மாயக்கதை என்றும், ஆயிஷாவை அறிவியல் கதை என்றும் பிரித்துவிட்டு மனநிறைவு கொள்ளும்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஜீனோ என்னும் இயந்திர நாயால் நினைவுகூரப்படுகிறது. உண்மையில் அந்நாவலின் வினா நாயிடம் இல்லை, ஜீவாவிடம் உள்ளது. நாட்டையே ஆளும் தலைவன் ஒளியால் ஆக்கப்பட்ட தோற்றம் மட்டுமே என்றால், ஆணையிடுவது யார்? இல்லாத ஆட்சியாளனுக்கு மக்கள் பணிவது எவ்வாறு இயல்கிறது? இவ்வினாவுக்குத் தொழில்நுட்பத்தின்வழி விடை தர முயல்வதாலேயே அது அறிவியல் புனைகதை. ஜீனோவை ஒரு பேசும் கிளியாக மாற்றினாலும் நாவல் தன் வகைமையை இழக்காது. ஜீவாவை மந்திரவாதியாக மாற்றினால் இழந்துவிடும். திருமலை வழிபாட்டை எதிர்கால இயந்திர உலகில் வைத்துக் காட்டும் அவரது ‘திமலா’ சிறுகதையும் கோயிலும் கணிப்பொறியும் முரணின்றி மயங்கலாம் என்பதற்குச் சான்று.

ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு இவற்றினும் கடினமான சிக்கலை எழுப்புகிறது. ரசவாதம், சித்த மருத்துவம் போன்ற இம்மண்ணின் அறிவு மரபுகளிலிருந்து அறிவியல் புனைகதையை எழுப்ப முடியுமா என்பது அதன் முயற்சி. இன்றைய அறிவியல் ஏற்காத ஒன்றை அடிப்படையாகக் கொண்ட கதையை அறிவியல் புனைகதை என்பது எங்ஙனம் என்று கேட்போர் உளர். ‘ஐந்தாவது மருந்து’ கதை இதற்கு விடையாகும். சித்த மருத்துவ மரபு அங்குப் பெருமிதத்திற்குரிய பொருளாக வைக்கப்படவில்லை. மருந்துக்கும் நோய்க்கும் இடையிலான முடிவற்ற போட்டியைச் சிந்திப்பதற்கான களமாகிறது. மரபறிவு வினவப்படுகிறது என்பதே இங்கு முதன்மை. இதே மரபறிவு வினவப்படாமல் வியக்கப்படும் கதைகளும் தமிழில் ஏராளம்.

இடைப்பட்ட நிலையில் இந்திரா சௌந்தர்ராஜன் நிற்கிறார். ‘விடாது கருப்பு’ தொடரின் கொலைகளுக்கு உளவியல் விளக்கம் தரப்படுகிறது. எனினும் கருப்பசாமி முற்றிலும் வெளியேற்றப்படுவதில்லை. இயற்கை விளக்கத்திற்கும் மீயியற்கை விளக்கத்திற்கும் இடையே வாசகர் தயங்கி நிற்கும் நிலையே வியனிலக்கியம் என்று த்ஸ்வெதான் தோதரோவ் 1970ஆம் ஆண்டு கூறியது இங்குப் பொருந்தும். அறிவியல் புனைகதைக்கு அண்டையில் உள்ள, தனக்கென எல்லை கொண்ட நிலம் அது. இதனை அறிவியல் புனைகதைக்குள் இழுப்பதும், வெறும் மர்மக்கதை என்று தள்ளுவதும் ஆய்வுக்கு உதவா.

இதுகாறும் கூறியவை கதைக்கும் கதைக்கும் இடையிலான எல்லைகள். அவை மங்கினால் பெரும்பாலும் நூலகருக்கே தொல்லை. கதைக்கும் கட்டுரைக்கும் இடையிலான எல்லை மங்கும்போது நிலைமை அத்தகையதன்று. சிதம்பரம் இதற்குரிய இடம்.

தில்லைக் கோயில் ஐம்பூதங்களுள் ஆகாயத்திற்கு உரியது. திரை விலக்கிக் காட்டப்படும் இரகசியத்தில் உருவம் எதுவும் இல்லை. வெற்றிடத்தின்முன் பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன. கூரையின் பொன்னோடுகள் 21,600 என்றும் அவை மனிதன் ஒருநாளில் விடும் மூச்சுகளைக் குறிக்கும் என்றும் மரபு கூறும். இது உருவகம், வழிபடுவோர் அதனை அவ்வாறே கொள்வர். ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இயற்பியலின் தாவோ’ நூலில் அணுத்துகள்களின் இயக்கத்தைச் சிவனின் ஆடலோடு இணைத்துப் பார்த்தார். 2004இல் இந்திய அரசின் அன்பளிப்பாக ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை நிறுவப்பட்டது. காப்ராவின் ஒப்பீட்டை ஏற்காத இயற்பியலாளர் உண்டு. ஆயினும் அது ஒப்பீடு என்னும் அளவில் தன் இயல்பை மறைக்கவில்லை.

மூன்றாவதாக வழங்கும் கூற்று வேறு இனத்தது. நடராசரின் கால் பெருவிரல் புவியின் காந்த நடுக்கோட்டின்மீது அமைந்திருக்கிறது, இதனை முன்னோர் அளந்தறிந்தனர் என்பது அக்கூற்று. துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் வழங்கிய இது இப்போது ஆய்வரங்கக் கட்டுரைகளிலும் சான்றின்றி நுழைகிறது. காந்த நடுக்கோடு இந்தியாவில் சிதம்பரத்திற்கு வெகுதெற்கே செல்கிறது. அதனை ஆராய்வதற்கென இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தன் ஆய்வகத்தைத் திருநெல்வேலிக்கு அருகில் அமைத்தது அதனால்தான். மேலும் அக்கோடு நிலையானதன்று. ஆண்டுதோறும் மெல்ல நகர்வது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அளந்து வைத்ததாகக் கூறப்படும் புள்ளி இன்றும் அதன்மீதே இருக்கும் என்பதற்கு வழியில்லை.

இக்கூற்றின் அமைப்பை நோக்கினால், அது அறிவியல் புனைகதையின் அமைப்பே என்பது புலனாகும். நடப்புலகில் இல்லாத ஒன்று முன்வைக்கப்படுகிறது. அதற்கு அறிவியல் சொற்களால் காரணம் கற்பிக்கப்படுகிறது. வேறுபாடு ஒன்றே. கதை ‘அவ்வாறு இருந்தால்’ என்று தொடங்கும். இது ‘அவ்வாறு இருக்கிறது’ என்று முடிக்கிறது. வினவலைத் தூண்டிய உறுப்புகளைக் கொண்டே வினவல் நிறுத்தப்படுகிறது. பேராசிரியர் தம் செய்யுளியல் உரையில், உண்மை நிகழ்ச்சியோடு பொருந்தாத பொய்யுரைக்கு யானையும் குருவியும் நட்புக் கொண்டு செய்த செயல்களைக் கூறும் கதையை எடுத்துக்காட்டினார். அக்கதையைப் பொய் என்று அறிந்தே சொல்லவும் கேட்கவும் தமிழ் மரபில் தனி இடம் இருந்தது. அவ்விடத்தை இன்று அறிவியல் புனைகதை நிரப்ப வல்லது. அதே சரக்கை ஆய்வுக் கட்டுரையின் உறையிலிட்டு அனுப்புவோர், புனைகதைக்கும் ஆய்வுக்கும் ஒருசேர ஊறு விளைவிக்கின்றனர். மதிப்புரைஞர்கள் இத்தகைய கட்டுரைகளைத் ‘தமிழ்ப்பெருமை’ என்னும் இரக்கத்தால் கடக்கவிடுவது நிற்க வேண்டும். இளம் ஆய்வாளர்கள் அவற்றையே முன்மாதிரியாகக் கொண்டு அடுத்த ஆய்வேட்டை எழுதுகின்றனர்.

மயிற்பொறியை ஆராய்வோருக்கு விமானத்தை விட்டால் வேறு பொருளே இல்லை என்பதும் சரியன்று. அரக்கையும் மெழுகையும் பிசினையும் திருத்தக்கதேவர் எங்கிருந்து எடுத்தார் என்னும் வினா இன்னும் காத்திருக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, மண்பூசிச் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறை சோழநாட்டுக் கம்மியருக்குக் கைவந்தது. சுவாமிமலைத் தபதிகளிடம் இன்றும் வழக்கில் உள்ளது. தில்லையின் ஆடல்வல்லான் வடிவம் ஊர்தோறும் செப்புத் திருமேனியாகப் பரவியது இம்முறையால்தான். காப்பியத்தின் மயிலைச் செய்தவன் கையில் இருந்த பொருள்களுள் சிலவும் இத்தபதியரின் பட்டறையில் இருப்பவையே.